கொழுந்து மாடியில் ஆசியப் போட்டி

இல்ல வாச்சர் நானா, நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு என்ன இருக்கு? பழைய வாச்சர் அழகையாவ, கன்னு வளக்குற தவறணைக்கு மாத்துனது பெக்டரிய நடத்துற டீமேக்கரையா. பழி மட்டும் எனக்கு! நீங்க மாத்தளை டவுன் ஆளு, நேத்துத்தான் வேலைக்கி வந்தீங்க, இந்தத் தோட்டத்து அநியாயம் உங்களுக்குத் தெரியாது. உக்காருங்க. இம்மாம் பெரிய வயித்தத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறணுமா? ஞாயித்துக்கெழம, மேல தேயிலக் கொழுந்தே இல்ல.

எல்லாம் ரேடியோவால வந்தது. கட்டார்ல ஆசிய உள்ளரங்கப் போட்டியாம். “அன்பார்ந்த நேயர்களே! கூரையின் கீழே, அறுபது மீற்றர் ஓட்டத்திலே, இதோ வீராங்கனைகள்...” எப்புடி? அதே கொரல் இல்ல? ஆ, சிரிக்கிறீங்க!

அத என்கூடப் படிக்கிற லெச்சுமி கேட்டுட்டா. “கூரைக்குள்ளயும் ஓடலாமாடா?”ன்னா. மாவட்டத் தெரிவுப் போட்டியில ஓடணும் அவ. எங்க பழகுறது? தோட்டம் பூரா மேடும் பள்ளமும். டவுன் மைதானத்துக்குப் போனா, வழியில பஸ்ஸ நிப்பாட்டி ஆமிக்காரன் அடையாள அட்ட கேக்குறான். பதினாலு வயசுக்கு அட்டக்கி எங்க போறது? அவங்கப்பா வேணாம்னுட்டாரு. சமதரைன்னா இந்தப் பெக்டரியில கொழுந்து வாட்டுற மாடி ஒண்ணுதான்.

ஓடுனா. நல்லாத்தான் ஓடுனா. நிக்கத்தான் தெரியல! கட்டார்ல செவத்துல மெத்த கட்டியிருப்பானாம். இங்க ஏது மெத்த? கொழுந்துக் குவியல்ல போய்ப் பொத்துன்னு விழுந்தா. கசங்குன கொழுந்து அம்புட்டும் செவந்து பாழாப்போச்சு.

“எவன்டா மாடியத் தொறந்தது?”ன்னு டீமேக்கரையா. “ஐயா, நீங்கதானே சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு ‘தொறந்து வுடு’ன்னு சத்தம் போட்டீங்க”ன்னு அழகையா, பாவம். “நான் கண்டி டவுனுக்கில்ல போயிருந்தேன்!”ன்னு அவரு. ஒடனே எல்லாரும் என்னய பாக்குறாங்க. ஏன் என்னய பாக்கணும்?

என்ன சத்தம்? மேலயா? கொழுந்து வாட்டுற காத்தாடி நானா. ஓ... நிப்பாட்டியிருக்கா. அப்ப எலி. கொழுந்து தின்னு கொழுத்த எலி, தடதடன்னுதான் ஓடும். உக்காருங்களேன்! லெச்சுமி இப்ப ஓடுறதே இல்ல, சத்தியமா. புதங்கெழம தெரிவு. இன்னொருக்கா மாட்டுனா அவங்கப்பா வேலையும் போயிரும். தெரிஞ்சும் ஓடுவாளா?

நில்லுங்க, நில்லுங்க, டீமேக்கரையா எப்புடிக் கத்துனாருன்னு காட்டுறேன். பாதி மூக்குல வரும், பாதி தொண்டையில. “ஏஏஏய்! யார்ரா மாடியில? எறங்குடா கீழ!”

எப்புடி? அவரேதான் இல்ல?... ஏன் நானா, என்னய பாக்காம படிக்கட்டப் பாக்குறீங்க?

ஐயய்யோ, லெச்சுமி! நான்தான்டி! ஐயா இல்லடி, நான்தான் கத்துனேன்! மெதுவா... நானா நிக்கிறாரு, மோதிறாத... மோதிட்டியே!

நானா, எழும்புங்க. தொப்பி இந்தா கெடக்கு. ஓடிட்டா, வெளி கேட்டு வரைக்கும் போயிட்டா. அவளுக்கு ஒரு கீறல் இல்ல, பாத்தீங்களா? கொழுந்துக் குவியல் என்ன, கட்டார் மெத்தையே தோத்துரும் ஒங்க வயித்துக்கிட்ட... கோவிச்சுக்காதீங்க. நெசமாத்தான் கேக்குறேன். புதங்கெழம வரைக்கும் மேல அந்தச் செவத்தோரமா சும்மா சாஞ்சு நின்னா...

நானா? எங்க போறீங்க? மாடிக்கா? ஏன் இடுப்புப் பெல்ட்டக் கழட்டுறீங்க, என்னய அடிக்கவா?... இல்லயா? பக்கிள் அவளக் குத்துமா?

லெச்சுமி! ஏய் லெச்சுமி! திரும்பி வாடி! மெத்த தானா படியேறிப் போகுது!