சேலையில் வடித்த ஆயில்

இப்போதெல்லாம் ரோட்டில் நின்று கை காட்டினால் எவனும் வண்டியை நிறுத்துவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை போட்டதிலிருந்து எல்லாருக்கும் அவசரம். பிள்ளைத்தாய்ச்சி வெயிலில் உட்கார்ந்திருந்தாலும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

என் பேர் பஞ்சநாதன். மரக்காணம் உப்பளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவன். படிப்பு கிடையாது. ஆனால் இன்ஜினைப் பற்றி எவனும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் இன்ஜின் புது ஆயிலைக் கண்டதே இல்லை. லாரிக்காரர்கள் கழித்துக் கொட்டும் கருப்பு ஆயிலைக் கொண்டுவந்து, பழைய சேலைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் கியர் ஆயிலைக் கலந்து கனமாக்கி ஊற்றுவோம். உப்புக் காற்றுக்கு அதுதான் தாங்கும்.

சுனாமி வந்த அடுத்த கோடை. என் மகள் மலர்கொடிக்கு மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. வளைகாப்பு போட்டு அழைத்து வந்திருந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அவள் அம்மா செத்த பிறகு அந்தத் தாய்வீடு நான் ஒருத்தன்தான்.

மருமகன் ராஜவேல் சென்னையில் வாடகைக்குக் கார் ஓட்டுகிறவன். பழைய டீசல் கார், சொந்தமாக வாங்கியது. அதில் வந்து இறங்கினான்.

"மாமா, இங்க சரிப்படாது. பிரசவத்த மெட்ராஸ்லயே பாத்துக்கறோம்."

"அப்ப நான் எதுக்கு இருக்கறேன் மாப்ள? உப்புக்குக் காவலா?"

"நீங்களும் வாங்களேன்."

"அப்பா வந்துட்டா இன்ஜின் அழுவும்," என்று மலர்கொடி சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தூரப் பயணம் என்று முந்தின நாளே கோட்டக்குப்பத்தில் தன் சிநேகிதன் சேட்டுவின் மெக்கானிக் ஷெட்டில் கொடுத்து ஆயில் மாற்றியிருந்தான் மருமகன். மறுநாள் கிளம்புவதற்கு முன் மத்தியானம் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். நான் ஆயில் பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தேன். தேன் நிறத்தில், தண்ணீராக இருந்தது. இதெல்லாம் ஓர் ஆயிலா என்று தோன்றியது. காருக்கடியில் படுத்து நட்டைக் கழற்றி அதை வடித்தேன். என்னுடைய ஆயிலை ஊற்றினேன். வடித்ததை வீணாக்கவில்லை. பம்ப் இன்ஜினுக்கு ஊற்றினேன். அன்றைக்கு அது வழக்கத்தைவிடச் சத்தமில்லாமல் ஓடியது. கடல்காற்று குளிர்ச்சியாக இருந்தது, அதனால்தான்.

"என்னப்பா, வேட்டியெல்லாம் கரி?" என்று மலர்கொடி கேட்டாள்.

"பம்ப்புல வேல," என்றேன்.

வண்டிக்கு நல்லதுதானே செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். கனத்த ஆயிலில் வண்டி வாசலிலேயே திணறி நின்றுவிடும், சரிபண்ணுவதற்குள் அவளுக்கு வலி கண்டுவிடும், பிள்ளை என் வீட்டில் பிறக்கும். இதுதான் மீதிப் பாதி.

வெயிலில் நின்ற வண்டி, ஆயில் சூட்டில் இளகியிருந்தது. ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது. "போய்ட்டு வரேம்பா" என்று மலர்கொடி கையாட்டினாள். அப்போது சொல்லியிருக்கலாம். மருமகன் முன்னால் திருடன் மாதிரி நிற்க மனசு வரவில்லை. நானும் கையாட்டினேன்.

கடப்பாக்கம் தாண்டி ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. நேற்றுத்தானே மாற்றினோம், விளக்கு ஒயரில்தான் கோளாறு என்று மருமகன் ஓட்டியிருக்கிறான். அப்புறம் சம்மட்டி அடிப்பதுபோல் சத்தம். அப்புறம் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அந்த வெயிலில் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. மருமகன் நடுரோட்டில் நின்று கை காட்டியிருக்கிறான். கார்களும் பஸ்களும் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் ஒரு மீன் வண்டிதான் நின்றது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மலர்கொடிக்கு உயிர் இருந்தது. குழந்தைக்கு இல்லை. பெண் குழந்தை. தலை நிறைய முடி.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேட்டுவின் ஷெட்டில் போட்டார்கள். நானும் போயிருந்தேன். சேட்டு இன்ஜினைப் பிரிப்பதற்குள் மருமகன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"என்னாத்தடா ஊத்தின? எம்புள்ளயக் கொன்னுட்டியேடா."

"அல்லா மேல சத்தியமா புது ஆயில்தான்டா ஊத்தினேன்," என்று சேட்டு அழுதான்.

"அவன விடு மாப்ள," என்றேன். "ஊத்தினது நான்."

மருமகன் கை தானாக இறங்கியது. அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "அவகிட்ட நீங்களே சொல்லுங்க மாமா," என்று மட்டும் சொன்னான்.

சேட்டு இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற பாத்திரத்தைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுக் காட்டினான். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

"மாமா, ஒங்க பம்ப் இன்ஜின் மெதுவா சுத்தும். கஞ்சிய ஊத்துனாலும் ஓடும். இது வேகமா சுத்தறது. ஆயில் போற ஓட்ட ஊசி கணக்கா இருக்குது. இந்தத் தாரு எங்க ஏறும்? பேரிங் காஞ்சி பிடிச்சிக்கிச்சி."

"அதே ஆயில்லதான் என் இன்ஜின் இத்தன வருசமா ஓடுது," என்றேன். சேட்டு விரலைத் துணியில் துடைத்தான்.

பிரித்துப் போட்ட இன்ஜினைத் தாண்டி வெளியே வந்தேன். மலர்கொடி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகாமல், வீட்டைப் பார்த்து மரக்காணம் பக்கம் நடந்தேன். பெரிய முதலியார்சாவடிக்கு இந்தப் பக்கம், ஸ்டாப்பிங் எதுவும் இல்லாத இடத்தில், பின்னால் பஸ் சத்தம் கேட்டது. கை காட்டினேன். முதல் பஸ்ஸே நின்றது.

அன்றைக்கு ஏன் நிறுத்தவில்லை என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"என்னிக்கு பெருசு? ஏறு, நேரமாவுது," என்றான்.

பதில் இல்லை பாருங்கள். நான் ஏறவில்லை. நடந்தே போனேன்.