அதிராத பிளேயர்

ஃபிரிட்ஜையும் சிடி பிளேயரையும் ஒரே பிளக்கில் மாட்டக் கூடாது, மச்சான். பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடத் தொடங்கியதும் ஸ்பீக்கரில் இரைச்சல் வரும். ஆகவே பாட்டுக் கேட்கும்போது ஃபிரிட்ஜை நிறுத்திவிடுவேன். பால் கெட்டால் உங்கள் தங்கை பால்காரரைத் திட்டுவாள். நான் குறுக்கே பேசுவதில்லை.

இரைச்சல் போனது, அதிர்வு மிஞ்சியது. யாராவது நடந்தால் மேசை அதிரும். மேசை அதிர்ந்தால் உள்ளே சுழலும் சிடியும் அதிரும், பாட்டு தாவும். பிளேயரின் அடியில் நல்ல ரப்பர் வைத்தால் சரியாகிவிடும். ஸ்பாஞ்ச் வைத்தேன், அமுங்கிப்போனது. கடை ரப்பர் கல் மாதிரி இருந்தது. ஒரு ஆளின் கனத்தைத் தாங்கித் தாங்கிப் பதமான ரப்பர், அதுவும் ஒரே அளவில் நான்கு, வெளியில் எங்கே கிடைக்கும்? மாமா பிடித்து நடக்கும் வாக்கரின் நான்கு கால்களிலும் இருந்தது.

அவர் மத்தியானம் கண்ணயர்ந்தபோது கழற்றினேன். மனம் நோகக் கூடாதே என்று வாக்கரின் கால்நுனிகளில் கறுப்பு டேப் சுற்றினேன். பார்த்தால் ரப்பர் போலவே இருந்தது. வேலை சுத்தம்.

எழுந்து நடந்தவர், “என்ன மாப்பிள்ளே, வழுக்குது?” என்றார்.

“புது டைல்ஸ் இல்லியா மாமா. பாத்துப் போங்க,” என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன்.

குளியலறை வாசலில் விழுந்தார். இடுப்பெலும்பு. மறுபடி நடப்பாரா என்பதை ஆபரேஷனுக்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். அவர் விழுந்த நேரம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓரிடத்திலும் தாவவில்லை. மறைக்காமல் இதையும் சொல்லிவிட வேண்டும்.

நேற்று நீங்கள் டைல்ஸ்காரரின் சட்டையைப் பிடித்தீர்கள். “வழவழன்னு போட்டு எங்கப்பாவைச் சாச்சுட்டியேய்யா” என்றீர்கள். “ஊர் முழுக்க நான் போட்ட டைல்ஸ்தான் சார். உங்க வீட்ல மட்டும் எப்படி வழுக்குது?” என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இருவருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஒரு பாவமும் அறியாதவர் மேல் பழி விழக் கூடாது. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. ரப்பரைக் கழற்றியவன் நான். டைல்ஸில் குற்றமில்லை. ஆகவே அதைப் பெயர்த்தெடுக்க நாளை வரும் டிரில் மிஷின்காரர்களைத் தயவுசெய்து வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். வீடே அதிரும். பிளேயர் தாங்காது.