எதற்கு மேல்?

அவைக்குத் தலைமை தாங்கும் பேராசிரியர் ஹெர்மாவான் அவர்களே, ஆசான்களே, இயற்பியல் படித்துப் பிள்ளை என்ன ஆகுமோ என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பாண்டுங் நகரின் புதிய மாணவச் செல்வங்களே, வணக்கம்!

பட்டம் பெறாதவள் நான். இத்துறையின் கடிகாரங்களை இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பழுது பார்ப்பவள். பழுதோடு பாடமும் பார்த்தவள்.

பொதுச் சார்பியல் என்ன சொல்கிறது? ஈர்ப்பு என்பது இழுக்கும் கயிறு அன்று. நிறை, தன்னைச் சூழ்ந்த இடத்தை வளைக்கிறது, காலத்தையும் வளைக்கிறது. ஆகவே தாழ்விடத்தில் கடிகாரம் மெல்ல ஓடும்; உயரத்தில் விரைந்து ஓடும். லெம்பாங் மலை நம்மைவிட அறுநூறு மீட்டர் உயரம். அங்குள்ள கடிகாரம் நாளொன்றுக்கு ஐந்தரை நானோநொடி முந்தும். நானோநொடி என்பது நொடியை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு துளி!

அரைமணி பிந்தி வந்த பின்வரிசையில் என்ன சிரிப்பு? "அப்போ நாங்க இழுத்தடிச்சு லேட்டா வர்ற ரப்பர் நேரத்துக்கும் இதான் காரணம், இபு!" என்கிறீரா? பொறும் தம்பி, உமக்கும் பதில் உண்டு.

லிலிஸ் என்றொரு மாணவி. இரவல் வாங்கிய இரண்டு அணுக்கடிகாரங்கள்; ஒன்று ஆய்வகத்தில், ஒன்று பத்து நாள் மலையில். முந்த வேண்டிய மலைக்கடிகாரம் ஐம்பத்து நான்கு நானோநொடி பிந்தியதாகக் கணக்கு வந்தது!

"என்ன நெங் லிலிஸ், விதி தப்பா, நீ தப்பா?" என்றார் அவளுடைய ஆய்வு வழிகாட்டி தாத்தாங்.

"பத்து நாள் குளிர்ல கெடந்தேன் பாக், பொய்யா எழுதுவேன்?"

"பன்னெண்டு மணிக்குக் கடிகாரம் திரும்பிப் போயிடும். அதுக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா பட்டம் அடுத்த வருஷந்தான்."

அருகில் நின்ற நான் கேட்டேன்: "நெங், கைப்பிடி ஒடஞ்ச பெட்டியத்தானே வண்டியில நான் மடியில வெச்சு மலைக்குக் கொண்டு போனேன்? அதுல ஏன் 'கீழ்'னு சீட்டு?"

"அது அலமாரில கீழ்த்தட்டுல இருந்துச்சே, இபு..."

சொன்ன வாயை அவளே பொத்திக்கொண்டாள். அலமாரியின் 'கீழ்', கணக்கில் நகரத்தின் 'கீழ்' ஆகியிருந்தது! சீட்டை மாற்றினோம், குறி மாறியது. பூமி தவறு செய்யவில்லை, ஒட்டிய சீட்டுதான் தவறு செய்தது. பதினொன்றரைக்குத் தாத்தாங் கையெழுத்திட்டார்.

மாணவர்களே, 'மேல்' என்று எழுதும் முன் கேளுங்கள்: எதற்கு மேல்? 'பிந்தியது' என்னும் முன் கேளுங்கள்: எதைவிட? சார்பியலின் முதல் பாடம் அக்கேள்வியே. அதை மறந்தவளுக்கு ஓராண்டு போயிருக்கும்!

பின்வரிசைத் தம்பி, மலையிலிருந்து இறங்கி வருகிறீரா? அங்கே கடிகாரம் முந்தத்தானே செய்யும்; நீர் ஐந்தரை நானோநொடி முன்னதாக அல்லவா வந்திருக்க வேண்டும்! பிந்திய அரைமணிக்கு நீரே பொறுப்பு!

செவி தந்த அவைக்கு நன்றி. தொடங்கும் உங்கள் கல்விக்கு என் வணக்கம்.