டோப்பாவுக்குப் போட்ட சொல்யூஷன்

பாலாற்றுத் தண்ணீர் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா, இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆற்றில் தண்ணீர் இல்லை என்பது மழையின் சமாச்சாரம். என் சத்தியத்தை அதோடு சேர்க்காதீர்கள்.

பெயர் அருணகிரி, வயது அறுபத்தாறு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தெட்டு வருஷம் பேஸ்டிங் மாஸ்டர். ஷூவின் மேல் தோலையும் அடி சோலையும் சொல்யூஷன் போட்டு ஒட்டுகிற வேலை. நான் ஒட்டிய ஷூ ஜெர்மனியில் நடக்கிறது. ஒன்றுகூட வாயைப் பிளந்துகொண்டு ஊர் திரும்பியதில்லை.

பிரேம்நாத் அதே கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். தங்கமான மனுஷன். நாற்பத்தொன்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை, தலையில் முடியும் இல்லை. பெங்களூர் போய் ஒரு டோப்பா வாங்கி வந்தார். வாங்கத் தெரிந்தவருக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினால் டோப்பாவும் கூடவே போய்விடும். ஒருநாள் பாலத்தில் காற்றடித்து, அது பின்னால் வந்த லாரியின் கண்ணாடியில் போய் உட்கார்ந்தது. டிரைவர் பூனை என்று நினைத்து வாணியம்பாடி வரைக்கும் வைப்பரைப் போட்டுக்கொண்டே போனாராம்.

இந்த நிலைமையில்தான் வாலாஜாபேட்டை அமிர்தவள்ளியோடு அவருக்குச் சம்பந்தம் வந்தது. அமிர்தவள்ளி, காலமான என் மனைவியின் தோழி. மாதம் ஒருமுறை ஆற்காட்டில் இறங்கி, மக்கன்பேடா இனிப்பு வாங்கிக்கொண்டு போய் நலம் விசாரிப்பேன். ஆறு வருஷமாக விசாரிக்கிறேன். வேறொன்றும் இல்லை.

பெண் பார்க்கப் போன பிரேம்நாத், டோப்பா நழுவிவிடுமோ என்ற பயத்தில் இரண்டு மணி நேரம் தலையை அசைக்கவே இல்லை. அடக்கமான பிள்ளை என்று பெண் வீட்டில் பேர் வாங்கிவிட்டார்.

"மாஸ்டர், அவருக்கு இன்னா முடி பாத்தீங்களா? இந்த வயசுல!" என்றாள் அமிர்தவள்ளி. இதைச் சொல்லும்போது அவள் என் தலையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நான் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் பிரேம்நாத் என் வீட்டுக்கு வந்தார்.

"ஒரே பேஜாரா கீது மாஸ்டர். வள்ளிமலை முருகன் கோயில்ல நிச்சயம். மலைமேல காத்து ஜாஸ்தி, கொரங்கு வேற. இது கழண்டுச்சுன்னா கல்யாணமும் கழண்டுடும்."

"ஒட்டிட்டாப் போவுது, உக்காருப்பா."

"தோலுக்கு ஒன்னும் ஆவாதே?"

"முப்பத்தெட்டு வருஷமா தோலுக்குத்தான் போட்டுனு இருக்கேன். எந்தத் தோலும் இதுவரைக்கும் வலிக்குதுன்னு சொன்னதில்ல."

தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தையைத்தான் வைத்திருக்கிறார்கள். அதை நான் வைக்கவில்லை.

முறைப்படிதான் செய்தேன். தோலில் மினுமினுப்பு இருந்தால் சொல்யூஷன் பிடிக்காது. ஆகவே உப்புத்தாள் போட்டு உச்சந்தலையைத் தேய்த்தேன். இரண்டு கோட் பூசிக் காயவிட்டேன். கம்பெனியில் சூடு காட்ட மெஷின் உண்டு. வீட்டில் இல்லாததால் இஸ்திரிப் பெட்டியை நாலு விரல் தள்ளிப் பிடித்தேன். டோப்பாவைப் பதித்து, பத்துக் கிலோ இட்லி அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றி, ஒரு சீரியல் முடியும்வரை உட்கார வைத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"எரியுதா?"

"கொஞ்சம், மாஸ்டர்."

"புடிக்குதுன்னு அர்த்தம்."

வள்ளிமலையில் என் வேலைக்குப் பரீட்சை நடந்தது. ஒரு குரங்கு கிளையிலிருந்து முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. பிரேம்நாத் இரண்டு அங்குலம் மேலே போய் வந்தார். டோப்பா நூல் அளவும் நகரவில்லை. பெண் வீட்டார் கை தட்டினார்கள். தட்டு மாற்றினார்கள். அப்புறம்தான் அமிர்தவள்ளி வெட்கத்தோடு வாயைத் திறந்தாள்.

"நிச்சயம் நல்லபடியா முடிஞ்சா நீங்க மொட்டை போடுவீங்கன்னு முருகனுக்கு வேண்டிக்கினேன். முகூர்த்தத்துக்கு நாலு மாசம் கீதே, வளந்துடும்."

பிரேம்நாத் என்னைப் பார்த்தார். நான் முருகனைப் பார்த்தேன்.

உண்மையைச் சொன்னால் கல்யாணம் போய்விடும். மனுஷன் போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்தார். கத்தி இறங்கியது, முடி கொட்டியது. யாரோ எங்கேயோ மொட்டை போட்டுக் கொடுத்த முடியாகத்தான் இருக்கும். இரண்டாம் தடவையும் சாமிக்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் முடிக்குக் கீழே தலை வரவில்லை, வலை வந்தது.

"இன்னா சார் இது, உள்ள துணி கீது?" என்று நாவிதர் ஓரத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

என் ஒட்டு பிரியவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பிரிந்தது வேறு.

இப்போது தொடையிலிருந்து தோல் எடுத்து அவர் தலையில் ஒட்டியிருக்கிறார்கள். டாக்டர்களும் ஒட்டுகிற வேலைதான் செய்தார்கள். அவர்களை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை. தொடைத் தோலில் கொஞ்சம் முடி முளைக்கும் என்கிறார்கள், ஆக அவருக்கு லாபம்தான். சம்பந்தம் மட்டும் முறிந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார் என்று அமிர்தவள்ளி மூன்று நாள் அழுதாள். கூட உட்கார்ந்து ஆறுதல் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. இருந்தேன்.

என் மனசில் கெட்ட எண்ணம் கிடையாது அம்மா. உதவி என்று வந்தார், செய்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மொட்டை வேண்டுதலை, பிரேம்நாத் என் வீட்டுக்கு வருவதற்கு முந்தின வாரமே, அமிர்தவள்ளிக்கு எடுத்துக் கொடுத்தவன் நான்.