இடித்தவன் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை

திருச்சுழி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இடிச்சவன்தான்க்கா தெனமும் வந்து எங்க வீட்டுக்காரவுகளைக் குளிப்பாட்டி விடுறான்," என்றாள் இளையவள்.

"கேஸு போடலையா?"

"போட்டாச்சு. அவன் வண்டிக்கு இன்சூரன்ஸே இல்ல. கோர்ட்டுல குடுக்கச் சொன்னாலும் அன்னாடங் கூலிக்குப் போறவன் எங்குட்டு இருந்து குடுப்பான்?"

"ஒங்க வண்டிக்கு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு. ஓட்டுறவுகளுக்கும் சேத்துப் போடச் சொன்னதுக்கு, நான் என்ன கண்ணு தெரியாமயா ஓட்டுறேன்னு இவுக வேணாம்னுட்டாக."

இளையவள் மடியிலிருந்த பையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள்.

"அதான் இன்னைக்கு டவுனுக்குப் போயி விபத்துப் பாலிசி ஒண்ணு போட்டுட்டு வாரேன்."

"படுத்துக் கெடக்குறவுகளுக்கு இப்பப் போட்டு என்ன செய்ய?"

"அவுகளுக்கு இல்லக்கா, எனக்கு. நாளையில இருந்து அவுக வண்டியில மில்லு வேலைக்குப் போறது நான்தான்."