கால் மாத்திரை போதும்னு சொன்னான்

அதெப்படி சார், பதினாலாம் டோக்கனுக்கு அப்புறம் பதினேழு உள்ள போகும்? நான் பெருசா படிக்கலதான், ஆனா எண்ணத் தெரியும்! ஏம்மா நர்சம்மா... பாத்தீங்களா, திரும்பவே மாட்டேங்குது. என் கடையில ஒரு ஆளை இப்படி உக்கார வச்சிருந்தேன்னா... சரி விடுங்க. இந்தப் பையை எடுத்துடறேன், உக்காருங்க. அட உக்காருங்க சார், எனக்கு இருக்கிறது ஒட்டற வியாதி இல்ல. உங்களுக்கு என்ன? தொண்டையா? பேசவே முடியலையா? அடடா. நீங்க பேச வேணாம். நான் இருக்கேன்ல.

தொண்டைன்னா குடுத்து வச்சவர் சார் நீங்க. வாயைத் தெறந்து ‘ஆ’ன்னு காட்டினா வேலை முடிஞ்சுது. எனக்கு வந்திருக்கிறதை எதைத் தெறந்து காட்டறது? சிரிக்காதீங்க. சிரிச்சா இன்னும் வலிக்கும்.

ஆசை போயிடுச்சு சார். எந்த ஆசைன்னு கேக்காதீங்க. அந்த ஆசைதான். ஆறு மாசமாச்சு. சோத்து மேல ஆசை இருக்கு, தூக்கத்து மேல இருக்கு, எதிராளியைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளற ஆசை கூட அப்படியே இருக்கு. அது ஒண்ணு மட்டும் சொல்லாம கொள்ளாம வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு... மெதுவாத்தான் சார் பேசறேன்! இதான் என்னோட மெதுவு. லாரிச் சத்தத்துல இருபது வருசம் கத்திக் கத்திப் பழகின தொண்டை. அந்தப் பெரியம்மா பாத்தா பாக்கட்டும். ஏன் பெரியம்மா, நீங்க பாக்காத ஆம்பளையா?

என் வீட்டுக்காரி என்ன சொல்றா தெரியுமா? எனக்கு வேற எடத்துல தொடுப்பு இருக்காம். எனக்கு! பொழுதுக்கும் துருப்பிடிச்ச கதவுக் கீலோட மல்லுக்கட்டற எனக்கு! இன்னைக்குக் காலையில தட்டை வச்சுட்டு ஒரே வார்த்தைதான் சொன்னா. "சாயங்காலத்துக்குள்ள அவ யாருன்னு சொல்லு. இல்லேன்னா நான் அக்கா வீட்டுக்குப் போறேன்." அவ சொன்னா செய்யறவ சார். கத்தினான்னா நானும் கத்துவேன், ரெண்டு பேரும் கத்தினா ஓஞ்சு போயிடும். இதை மெதுவா சொன்னா. சாப்பிடாமயே இங்க ஓடி வந்துட்டேன்.

நமக்குப் பழைய கதவு ஜன்னல் வியாபாரம். எங்கயாவது கட்டடம் இடிச்சா முதல்ல போய் நிக்கிறது நான்தான். ஆரம்பத்துல கதவை முதுகுல கட்டித் தூக்கிட்டு நடந்தவன். பேசிப் பேசி வந்தவன் சார். சொன்ன விலைக்கு ஒரு பொருளை நான் இதுவரைக்கும் வாங்கினதில்ல. முதல்ல இந்த டாக்டர் பீஸைக் கூடக் குறைக்கச் சொன்னேன். அந்தாளு சிரிக்கவே இல்ல.

அந்தாளு மேலதான் எனக்கு முதல் சந்தேகம். பிரஷர் மாத்திரை குடுத்திருந்தாரு. நம்ம கடைத் தச்சர் சொன்னாரு, "அண்ணே, சில பிரஷர் மாத்திரை ஆளையே அணைச்சுப் போட்டுடுமாம்"னு. வந்தேன், உள்ள அவரு மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். "சிலதுல அப்படி ஆகலாம், உங்களுது அந்த வகை இல்ல, இருந்தாலும் மாத்தித் தரேன்"னு பொறுமையா சொன்னாரு. மாத்தினாரு. பிரஷர் குறைஞ்சுது. மத்தது எந்திரிக்கல. சாயங்காலம் ஒரு ரவுண்டு போடறதை நிறுத்துங்கன்னாரு, அதையும் நிறுத்தினேன். ஊஹும்.

அப்புறம் மச்சான் வந்தான். செல்போன்ல படிக்கிறதையெல்லாம் நம்பற ஜாதி. "மாமா, அதிமதுரம் அதைக் கெடுக்குமாம்"னான். எனக்கு இருமல்னு அவ மூணு மாசமா அதிமதுரக் கஷாயம் வச்சுக் குடுத்துட்டு இருந்தா சார்! விடுவேனா? "என்னை மாடு மாதிரி அடக்கிப் போடப் பாக்கறியா?"ன்னு ஒரு சத்தம். அவ நேரா வந்து டம்ளரை எடுத்தா, என் கண்ணைப் பாத்துக்கிட்டே அத்தனையும் குடிச்சா, கவுத்து வச்சுட்டுப் போயிட்டா. அன்னையிலேருந்து கஷாயமும் இல்ல, பேச்சும் இல்ல. இருமல் மட்டும் இருக்கு.

அடுத்து எதிர்த்த டீக்கடைக்காரர். ஆஸ்டல்லயும் பட்டாளத்துலயும் ஆளுங்க துள்ளாம இருக்க டீயில கற்பூரம் போடுவாங்கன்னு எவனோ சொன்னான். நேராப் போய்க் கேட்டேன், என் டீயில என்னய்யா கலக்கறேன்னு. அந்தாளு அசரவே இல்ல. "கற்பூரம் என்ன விலை விக்குது, உனக்குப் போட்டா எனக்குக் கட்டுமாய்யா? பாலே ஊத்த மாட்டேங்கறேன்"னான். அதுவும் ஞாயம்தான்.

என்ன சார்... கையில என்ன காட்டறீங்க? மாத்திரையா? வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறேனான்னா? இதையேதான் டாக்டரும் மூணு தடவை கேட்டாரு. இல்லைன்னேன். மூணு தடவையும் இல்லைன்னேன்.

சரி... கிட்ட வாங்க. இந்தத் தொப்பியைக் கொஞ்சம் தூக்கறேன். பாத்தீங்களா? பாத்தாச்சா? மூடிடறேன்.

முடிக்கு ஒரு மாத்திரை இருக்கு சார். அதை எப்படி மருந்துன்னு சொல்றது? வியாதிக்குத் திங்கறதுதானே மருந்து? மொத்த மருந்துக் கடையில விசாரிச்சேன். அந்தாளு ஒரு சின்ன மாத்திரையைக் காட்டினான். பக்கத்துலயே இன்னொண்ணு, அதே சரக்கு, அஞ்சு மடங்கு வீரியம். வயசானவங்களுக்கு ஒண்ணுக்கு அடைச்சா குடுக்கறதாம். விலையைக் கேட்டா ரெண்டும் ஒண்ணு! அஞ்சு மடங்கு சரக்கு, ஒரே விலை! நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க? "இதைத்தான் எடுப்பேன்னா நாலா உடைச்சுக் கால் மாத்திரை போடுங்க, அது போதும். டாக்டரைக் கேட்டுட்டுப் போடுங்க"ன்னான். தலையை ஆட்டினேன். முழுசுக்குக் காசு குடுத்துட்டுக் காலைத் திங்க நான் என்ன கேனையனா? முழுசா முழுங்கினேன். காலுக்கே முடி வரும்னா முழுசுக்குக் காடு வரணுமே! பெட்டி பெட்டியா எடுத்தா இன்னும் குறைப்பியான்னேன். குறைச்சான். எடுத்தேன்.

வீட்ல சொல்லியிருக்கலாமேன்னு பாக்கறீங்க. எப்படி சார் சொல்லுவேன்? போன வருசம் அவ தலைக்குச் சாயம் வாங்கினப்போ ஒரு வாரம் நக்கலடிச்சவன் நான். "இந்த வயசுல உன்னை எவன் பாக்கப் போறான்?"னு கேட்டேன். அந்த வாயால நான் மாத்திரை திங்கறேன்னு சொல்ல முடியுமா? கடையில ஒளிச்சு வச்சேன். அப்பப்போ கண்ணாடி பாத்தேன், சின்னச் சீப்பு வாங்கினேன். அவ அந்தச் சீப்பைப் பாத்துட்டா. இருபது வருசமா தலை சீவாதவன் சட்டைப் பையில சீப்பு. அப்புறம் அவ என்னதான் நினைப்பா?

நேத்துதான் வெட்ட வெளிச்சமாச்சு. மாத்திரைப் பெட்டிக்குள்ள மடிச்ச காகிதம் வரும்ல, நல்ல வழவழன்னு இருக்கும். அதை நான் தூக்கிப் போடறதில்ல. ஜன்னல் கண்ணாடியை அடுக்கறப்போ ஒண்ணோட ஒண்ணு உரசாம நடுவுல வைக்கக் குடுத்துடுவேன். ஆறு மாசக் காகிதம்! நேத்து ஒரு லோடு அடுக்கிட்டு இருந்தோம். நம்ம தச்சருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற வியாதி. சும்மா இருக்காம ஒண்ணை விரிச்சு உரக்கப் படிக்கிறாரு. "சிலருக்குப் பாலுணர்ச்சி குறையலாம்..." நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. லாரி டிரைவர் பாத்தாரு. கண்ணாடி வாங்க வந்த மேஸ்திரி பாத்தாரு. "அண்ணே, இத்தனை காகிதம் உங்களுக்கு எங்கேருந்து வருது?"ன்னாரு. நான் பிடிச்சிருந்த கண்ணாடி கீழ போச்சு சார்.

முடியா? வந்துச்சே. இங்க தொட்டுப் பாருங்க... அட தொடுங்க. அது வீக்கமா? ஆமா, கதவு நிலை இடிச்சுது. அதுக்கு இந்தப் பக்கம். ஒண்ணுமில்லையா? நல்லாத் தேடினீங்களா?

நிறுத்திட வேண்டியதுதானேன்னு கை காட்டறீங்க. எப்படி சார் நிறுத்தறது? இன்னும் எட்டுப் பெட்டி இருக்கு! அதுக்குத்தான் வந்தேன். இந்தச் சரக்கு தீர்ற வரைக்கும் அதை முறிக்க எதிர் மாத்திரை ஏதாவது எழுதித் தரச் சொல்லலாம்னு. காலையில இது, ராத்திரி அது. என்ன சார் அப்படிப் பாக்கறீங்க?

இல்ல... ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே. உங்களுக்கும் உச்சியில லேசா வெளிச்சம் அடிக்குது. நாலா உடைச்சா எட்டுப் பெட்டி ஆயுசுக்கும் வரும். வாங்கின விலையே குடுங்க... சரி, பாதி. சார்? டோக்கன் இன்னும் கூப்பிடலையே! தொண்டை? தொண்டை சரியாயிடுச்சா? சார்!

ஓடிட்டாரு. பேச முடியாதவரு "வேணாம்"னு எவ்வளவு தெளிவாச் சொல்றாரு பாரு.

இரு... போன். அவதான்.

சொல்லு. டாக்டர்கிட்டதான் இருக்கேன். என்னது... தச்சர் வீட்டம்மா வந்து சொன்னாங்களா? எல்லாத்தையுமா? சிரிக்கறியா அழறியா நீ? சரி, சிரிச்சுக்கோ. அவ யாருன்னு இப்பத் தெரிஞ்சுதா? சரி, கொட்டிடறேன். ஏழு பெட்டி கொட்டறேன், ஒண்ணே ஒண்ணு மட்டும்... சரி, அரைப் பெட்டி... ஏய், வைக்காத! எல்லாத்தையும் கொட்டறேன். எட்டையும். டாக்டர்கிட்டயும் உள்ளதைச் சொல்லிட்டுத்தான் வருவேன்.

முடிதான்... வேற எதுக்கு. உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான்...

எப்பவே தெரியுமா? எப்பலேருந்து? கல்யாணத்தன்னைக்கேவா! அப்பவே பின்னாடி வட்டமா இருந்துச்சா? எனக்கு ஒருத்தனும் சொல்லலையேடி.

தெரிஞ்சுமா... ஒரு வார்த்தை பேரம் பேசாமயா கட்டிக்கிட்ட?