படிகத்தில் வைத்த சிவப்புப் புள்ளி

டீ ஆறிப்போகுது, எடுத்துக்குங்க சார். சர்க்கரை கம்மியாத்தான் போடச் சொன்னேன். புரொபசருங்க முக்காவாசிப் பேருக்குச் சுகர் இருக்குதுன்னு எம்பொண்ணு அக்ஷரா சொல்லும்.

நீங்க கோயமுத்தூர்ல இருந்து விசாரிக்க வந்தது அந்தப் புள்ளையைத்தான். பக்கத்து ரூம்ல, நம்மகிட்டச் சரக்கு வாங்கற பையருக்கு மெயில் அடிச்சுட்டிருக்குது. அதுக்கு முன்னால எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிருங்க. நான் வெள்ளியங்கிரி, பனியன் கம்பெனி வெச்சிருக்கறேன், படிச்சது எட்டாவது. ஆனா அது ஆராய்ச்சிக்கு வளர்த்த படிகத்தைப் பத்தி உங்க விசாரணைக் கமிட்டிக்குத் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரியுமுங்க.

அதை வளர்க்க அக்ஷராவுக்கு எட்டு மாசம் ஆச்சு. இரும்பும் தூலியம்னு ஒரு அரிய உலோகமும் சேர்ந்தது. கறுப்பா, சதுரமா, மிளகு அளவுதான். உள்ள குட்டிக் காந்தங்க ஒண்ணு இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம்னு நிக்குமாம். வெளியில காந்த சக்தியைத் துளியூண்டுதான் காட்டுமாம். நல்லாக் குளிர வெச்சா ஒரு கட்டத்துல எல்லாம் சேர்ந்து வேற பக்கம் திரும்பிக்குமாம். எந்தப் பக்கமா வெச்சு அளக்கறோம்கிறதுதான் எல்லாமேன்னு சொல்லுச்சு. அதுக்கோசரம் எது எந்தப் பக்கம்னு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஒரு முகத்துல சிவப்பாப் புள்ளி வெச்சிருந்துச்சு.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. எங்க கட்டிங் டேபிள்ல தினமும் நடக்கறதுதானே இது. பனியன் துணி அகலத்துல இழுபடற அளவுக்கு நீளத்துல இழுபடாது. திருப்பி வெட்டிட்டாத் தைக்கறப்ப ஒண்ணும் தெரியாது, உடுத்தினவன்தான் திட்டுவான்.

ஜப்பான்ல அளக்க ரெண்டே நாள் குடுத்திருந்தாங்க. நல்லா வந்தா அங்கயே வேலை. எனக்கு ஒத்தைப் புள்ளைங்க. கிளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வந்துச்சு. தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வர்றதுக்குள்ள, துணியில கறை எடுக்கற மருந்தால புள்ளியைத் துடைச்சுப்போட்டு, பக்கத்து முகத்துல அதே மாதிரி வெச்சுட்டேன். முப்பது வருசம் குறி வெச்ச கை, பிசகுமுங்களா?

ஒண்ணும் வராம திரும்பிரும்னுதான் நினைச்சேன். எங்க நேரம், அதிசயமே வந்துருச்சு. யாரும் பார்க்காத பக்கமாத் திரும்புதுன்னு புள்ள கட்டுரை எழுத, நீங்கெல்லாம் சால்வை போட்டீங்க. போட்டோவுல உங்க சிரிப்புத்தான் சார் பெருசு. அப்புறம் ஜப்பான்காரங்க திரும்ப எக்ஸ்ரே எடுத்து, பேர் வாங்க வேணும்னே புள்ளியை மாத்தியிருக்குதுன்னு எழுதிட்டாங்க.

வருத்தம் இருக்குதுங்க, இல்லேங்கல. புள்ள ஒரு மாசம் சரியாச் சோறு திங்கலை. இப்பத் தேவலாம், எட்டரைக்கெல்லாம் கம்பெனிக்கு வந்துருது. தானே தப்பா வெச்சுட்டோம்னு நம்பிக்கிச்சு. எதையும் நாலு தடவை சரிபார்க்குது, குழாயை மூடினமான்னு கூட. பொறுப்பு வந்துருச்சுங்க.

நீங்க கேள்வி மேல கேள்வி கேட்டீங்கன்னா புள்ளைக்குச் சந்தேகம் வந்துரும். அதுக்குத்தான் சொல்றேன். உண்மை தெரிஞ்சா மறுபடி கிளம்பிப் போயிரும். அதனால என் பேச்சை எழுதாதீங்க சார், தப்பு அதோடதுன்னே முடிச்சுக் குடுத்துருங்க. பழியை நானும் அதுவும் சேர்ந்தே சுமந்துக்கறோம்.